மூக்கை நம்பி வந்த தாய்மாமன்

"கண்ணைக் கட்டு. மூணு சுத்து சுத்தி விடு. பெங்களூர் தண்டுல எந்த மூலையில வேணும்னாலும் எறக்கி விடு. ஒருத்தனையும் வழி கேக்க மாட்டேன். மூக்கை வச்சே வீடு போய்ச் சேருவேன். இல்லேன்னா என் பேரு தனக்கோடி இல்ல!"

புசாவல் ஜங்ஷன் ரயில்வே உணவுச்சாலையின் தலைமைச் சமையல்காரர் தனக்கோடி இந்தப் பிரகடனத்தை மழைக்காலத்தில் வாரம் ஒருமுறையும், கூட்டம் குறைந்த வெயில் காலத்தில் தினம் ஒருமுறையும் வெளியிட்டு வந்தார். வெளியிட்டது அவருடைய சொந்த இந்தியில். கேட்டவர்கள் மராட்டியர்கள். பெங்களூரை அவர்கள் பார்த்ததில்லை. அவருடைய இந்தியும் அவர்களுக்கு முழுசாகப் புரிந்ததில்லை. ஆகவே அதை மறுத்துப் பேச ஆளே இல்லை என்ற நிலைமை பல வருஷம் நீடித்தது.

மூக்கைப் பற்றி அவர் சொன்னதில் பொய் கிடையாது. அடுப்புக்கு இரண்டு அறை தள்ளி நின்றுகொண்டு "ரசத்துல உப்பு இல்ல" என்று சொல்லக்கூடிய மூக்கு அது. உப்புக்கு ஏது வாசனை என்று ஒரு டிக்கெட் பரிசோதகர் ஆட்சேபித்தார். குடித்துப் பார்த்தார். உப்பு இல்லைதான். அதற்குப் பிறகு ஆட்சேபணை எழவில்லை.

தனக்கோடி பிறந்தது பெங்களூர் தண்டில், அதாவது பட்டாளத்துக் கண்டோன்மெண்ட் பகுதியில், அல்சூர் பக்கம், குதிரைலாயச் சந்தில். அப்பா வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்து வெள்ளைக்காரர்களின் குதிரைகளைத் தேய்த்துக் குளிப்பாட்டியவர். குதிரை வேலை மகனுக்குப் பிடிக்கவில்லை. துரைமார் சமையலறையில் வெங்காயம் உரிக்கப் போனார். முப்பத்து நாலாம் வருஷம் துரைக்கு மாற்றல் வந்தது. "ஆறே மாசம், வந்துடறேன்" என்று தங்கை செண்பகத்திடம் சொல்லிவிட்டு ரயிலேறினார். துரைக்கு அடுத்தடுத்து மாற்றல் வந்துகொண்டே இருந்தது. நாற்பத்தேழில் நாட்டுக்குச் சுதந்திரம் வந்ததும் துரை கப்பலேறினார். போகும்போது தனக்கோடிக்கு ஒரு நற்சான்றிதழும் ஒரு கிழட்டு நாயும் கொடுத்தார். நாய் அந்த வருஷமே கண்ணை மூடிவிட்டது. சான்றிதழ் புசாவலில் வேலை வாங்கித் தந்தது.

ஊருக்குப் போய்வரக்கூடாதா என்று யாராவது கேட்டால், "பெங்களூர் எங்க ஓடிப் போவுது?" என்பார். அது எங்கெங்கே ஓடிப் போயிருந்தது என்பது அவருக்கு அறுபத்தொன்றாம் வருஷம் தை மாதத்தில் ஒரே காலைப்பொழுதில் தெரியவந்தது.

செண்பகத்தின் மகள் ஜானகிக்குக் கல்யாணம். அண்ணன் போன பிறகு செண்பகத்துக்கு ஏரோப்ளேன் பேக்டரியில் ஃபிட்டராக இருந்த கோவிந்தப்பா புருஷனாக வாய்த்து, அதே பழைய வீட்டிலேயே குடித்தனம் நடந்து வந்தது. தனக்கோடி தங்கை புருஷனையும் பார்த்ததில்லை, மருமகளையும் பார்த்ததில்லை. ஆனாலும் அவர் இல்லாமல் கல்யாணம் நடக்காது. அவர்கள் வழக்கத்தில் தாய்மாமன் வந்து பெண்ணின் நெற்றியில் பட்டம் கட்டினால்தான் அவள் மணவறைக்கு வரலாம். மாப்பிள்ளை வீட்டார் கோலார் தங்கவயல்காரர்கள். சுரங்கத்தில் வேலை பார்த்துப் பார்த்து, எதையும் தோண்டிக் கேட்கிற பழக்கம் அவர்களுக்கு. நிச்சயதார்த்தத்திலேயே தோண்டிவிட்டார்கள்: "ஏம்மா, மாமன்காரன் இருக்கானா, இல்ல பேருதான் இருக்குதா?"

செண்பகம் சபையில் எழுந்து நின்றாள். "எங்கண்ணன் வருவாரு. வரலேன்னா இந்தக் கல்யாணம் வேணாம், உங்க தட்டை நீங்களே எடுத்துக்கிட்டுப் போங்க."

அது வாய்ப்பேச்சு அல்ல என்று அவளைத் தெரிந்த எல்லோருக்கும் தெரியும். முகூர்த்தம் பத்தரைக்குள். ஸ்டேஷனுக்குப் புருஷனை அனுப்புவதாக அண்ணனுக்கு எழுதினாள். பதில் வந்தது: "எனக்கு என் ஊரிலே ஆள் துணையா? வழி காட்ட என் மூக்கு போதும். யாரையாவது அனுப்பினால் அதே ரயிலில் திரும்பிப் போய்விடுவேன்."

மதராஸ் மெயில் விடிந்து கொஞ்ச நேரத்தில் தண்டு ஸ்டேஷனுக்கு வந்து சேர்ந்தது. தனக்கோடி இறங்கினார். ஒரு கையில் டிரங்குப் பெட்டி. அதற்குள் காஞ்சிபுரம் சேலையும் சரிகைப் பட்டமும். இன்னொரு தோளில் புசாவல் வாழைத்தார். வாழைத்தாருக்குப் பஞ்சமில்லாத ஊருக்குத்தான் வாழைத்தார் தூக்கி வந்திருந்தார். இருந்தாலும் தாய்மாமன் வெறுங்கையோடு வரலாமா?

ஸ்டேஷன் இருந்த இடத்திலேயே இருந்தது. தனக்கோடி திருப்தியோடு தலையசைத்தார்.

வெளியே ஜட்காக்காரர் ஒருவர் ஓடி வந்து, எங்கே போகணும் என்று கன்னடத்தில் கேட்டார். "எல்லி ஹோகபேக்கு சாமி?"

"நான் இந்த ஊருக்காரன்யா" என்றார் தனக்கோடி கம்பீரமாக.

ஜட்காக்காரர் உடனே தமிழுக்கு மாறினார். "ஊருக்காரருன்னா வீடு தானா நடந்து வருமா? ஏறுங்க சாமி, தாரு தோள்ல கெடக்குது, பார்க்கவே பரிதாபமா இருக்குது."

"நடந்தே போவேன். கண்ணைக் கட்டி வுட்டாலும் போவேன்."

"ரெண்டு கண்ணும் தொறந்திருக்கும்போதே மோட்டார்க்காரன் ஏத்திட்டுப் போறான்; பார்த்துப் போங்க" என்று சொல்லிவிட்டு ஜட்காக்காரர் அடுத்த ஆளைப் பார்க்கப் போனார்.

தனக்கோடியின் மனசில் ஒரு வரைபடம் இருந்தது. எந்தச் சர்வேயரும் போடாத வரைபடம். முழுக்க முழுக்க வாசனையால் ஆனது. நேராக நடந்தால் ரொட்டிக் கிடங்கின் புளித்த மாவு வாசனை வரும். அங்கே இடது பக்கம் திரும்பணும். அப்புறம் சேணக்கடைகளின் தோல் நெடி. தோல் நெடி முடிகிற இடத்தில் பரேடு மைதானத்துப் புல். அதைத் தாண்டி கிழக்கே போனால் ஏரிக் காற்று. கடைசியில், ஊரே மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுகிற, தனக்கோடிக்கு மட்டும் தாய்வீட்டு வாசனையான, குதிரைலாயம். லாயத்துக்குப் பின்னால் சந்து. சந்தில் மூன்றாவது வீடு. இதில் தப்பு வர வழியே இல்லை.

ரொட்டிக் கிடங்கு வரவேண்டிய இடத்தில் ரேடியோக் கடை வந்தது. ரேடியோவுக்கு வாசனை கிடையாது. தனக்கோடி அதன் முன்னால் நின்று இரண்டு முறை மூச்சை இழுத்துப் பார்த்தார். கடைக்காரர் உள்ளேயிருந்து, "ஜலதோஷமா அண்ணா? பக்கத்துல டாக்டர் இருக்காரு" என்றார். தனக்கோடி உத்தேசமாக இடது பக்கம் திரும்பினார்.

சேணக்கடைகளின் தெருவில் டயருக்கு ஒட்டுப் போடுகிறவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். கருகிய ரப்பர் நெடி நேராக மண்டைக்கு ஏறி, உள்ளே பத்திரமாக இருந்த வரைபடத்தின் கிழக்குப் பகுதி முழுவதையும் புகையால் மூடியது. கடைப் பலகைகளைப் பார்த்தார். பாதிக்கு மேல் கன்னடத்தில் இருந்தன. அந்தக் காலத்தில் தண்டில் இங்கிலீஷில் எழுதியிருப்பார்கள், அவருக்குப் படிக்கத் தெரியாது; இப்போது கன்னடத்தில் எழுதியிருந்தார்கள், அதுவும் படிக்கத் தெரியாது. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஊர் மாறவே இல்லை.

வெள்ளைக்காரர்கள் போய்விட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும். துரையை வழியனுப்பி வைத்தவரே அவர்தான். ஆனால் போகும்போது அவர்கள் வேலிகளையும், வேலிக்குள் இருந்த மரங்களையும், மரத்தடியில் நின்ற குதிரைகளையும் கூடவே கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள் என்று யாரும் அவருக்குத் தகவல் சொல்லவில்லை. பங்களாக்கள் இருந்த இடத்தில் வரிசை வரிசையாக வீடுகள். பங்களா ஒன்றுக்கு ஒரு சமையலறை இருந்த காலம் போய், இப்போது நாற்பது சமையலறைகள் ஒரே நேரத்தில் தாளித்துக்கொண்டிருந்தன. எந்த மூக்குதான் தாங்கும்?

வழி கேட்கலாம். வாயைத் திறந்தால் போதும். ஆனால் வழி கேட்பது வேறு, பேச்சுக் கொடுப்பது வேறு என்று தனக்கோடிக்கு அந்தச் சமயத்தில் ஒரு ஞானம் பிறந்தது. நாற்சந்தியில் நின்ற போலீஸ்காரரிடம் போய்ப் பேச்சுக் கொடுத்தார்.

"இப்படியே நேராப் போனா சவுத் பரேடு. எனக்குத் தெரியாததா! சும்மா சொன்னேன்."

போலீஸ்காரர் அவரையும் வாழைத்தாரையும் மேலும் கீழும் பார்த்தார். "சவுத் பரேடா? அப்படி ஒண்ணு இப்ப இல்லியே. இது மகாத்மா காந்தி ரோடு."

"அது தெரியும். சவுத் பரேடு எங்க போச்சுன்னு... அதாவது, எங்கயும் போயிருக்காது."

"யஜமானரே, நீங்க நிக்கிறதே அதும்மேலதான். பேரை மாத்திப் பன்னெண்டு பதிமூணு வருஷமாச்சு. மொதல்ல ரோட்டை விட்டு எறங்குங்க, பஸ் வருது!"

தனக்கோடி ரோட்டை விட்டு இறங்கினார். தான் நின்றுகொண்டிருந்த இடத்தையே தான் தேடிக்கொண்டிருந்தது அவருக்கு அவமானமாக இல்லை. ரோட்டின் மேல்தான் கோபம் வந்தது. பேரை மாற்றிக்கொள்கிற ரோடு நாளைக்கு எதைத்தான் மாற்றாது?

வெயில் ஏறியது. மணிக்கூண்டு எதுவும் கண்ணில் படவில்லை. வயிற்றுப் பசியை வைத்து ஒன்பதரை இருக்கும் என்று கணக்கிட்டார். செண்பகம் வாசலில் நிற்பாள். தங்கவயல்காரர்கள் தோண்ட ஆரம்பித்திருப்பார்கள்.

அப்போதுதான் காற்று திரும்பியது.

பிதுக்குப் பருப்பு! அவரைக்கொட்டையை ராத்திரி ஊறவைத்து, தோலைப் பிதுக்கி எடுத்து, தேங்காயும் கசகசாவும் அரைத்து விட்டுக் கொதிக்கவைத்த குழம்பு. புசாவலில் இத்தனை வருஷமாக அவர் எந்தப் பருப்பைப் போட்டும் வரவழைக்க முடியாத வாசனை. அவர் அம்மா கை வாசனை. அம்மாவிடமிருந்து செண்பகம் கைக்கு வந்த வாசனை. பெங்களூரில் இதை இப்படி வைக்க அவர்கள் வீட்டை விட்டால் யார் இருக்கிறார்கள்?

யார் இருக்கிறார்கள் என்றால், தை மாதத்தில் மொத்த பெங்களூரும் இருந்தது. அவரைக்காய்ப் பருவத்தில் அந்த ஊரில் பிதுக்குப் பருப்பு வைக்காத வீடு, ஆள் இல்லாத வீடுதான். இது பிறந்த குழந்தைக்கும் தெரியும். தனக்கோடிக்கும் தெரிந்துதான் இருந்தது. இருபத்தேழு வருஷம் அவரைக்காயைக் கண்ணில் காணாததில் மறந்துவிட்டது.

வாழைத்தாரைத் தோள் மாற்றிக்கொண்டு மூக்கின் பின்னாலேயே ஓடினார். ஒரு திருப்பம், இன்னொரு திருப்பம். வாழைமரம் கட்டிய வாசல், பந்தல், நாகஸ்வரம்!

"தாய்மாமன் வந்தாச்சு!" என்று கத்திக்கொண்டே உள்ளே நுழைந்தார்.

வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நின்றவர்கள் அந்தக் கல்யாணத்து மாப்பிள்ளை வீட்டார். பெண் வீட்டு உறவில் யார் மாமன், யார் மச்சான் என்று அவர்களுக்கு இன்னும் பிடிபடவில்லை. தோளில் தாரோடு ஒருவர் 'தாய்மாமன்' என்று சொல்லிக்கொண்டு வந்தால் நம்பாமல் என்ன செய்வது? வாங்க வாங்க என்று பன்னீர் தெளித்தார்கள். அதில் சிரித்த முகமாக இருந்த ஒருவரைக் கோவிந்தப்பா என்று தீர்மானித்து, தனக்கோடி மார்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டார்.

"மாப்ளே! நான் நெனச்ச மாதிரியே இருக்கீங்க!"

கட்டிப்பிடிபட்டவருக்கும் சந்தோஷம்தான். அவரே பெட்டியை வாங்கிக்கொண்டு மணப்பெண் அறைக்குக் கூட்டிப் போனார். உள்ளே பாயில் பெண் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் குத்துவிளக்கைத் துடைத்துக்கொண்டு நல்ல கனத்த சரீரத்தோடு ஒரு அம்மாள். தனக்கோடிக்குக் கண்ணில் நீர் முட்டியது.

"செண்பகம்! என்னம்மா இப்படிப் பெருத்துப் போயிட்டே!"

அந்த அம்மாள் விளக்கைக் கீழே வைத்தாள். "யாருய்யா நீ? யாரு பெருத்துப் போயிட்டா?"

"குரலும் மாறிப்போச்சு" என்று தழுதழுத்தபடியே தனக்கோடி பெட்டியைத் திறந்து பட்டத்தை எடுத்து, பெண்ணின் நெற்றிக்குக் கொண்டுபோனார். பின்னாலிருந்து ஒரு கை வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தது. இரும்பு வேலை செய்து பழகிய கை.

"நான் முனிகிருஷ்ணன். இந்தப் பொண்ணுக்குத் தாய்மாமன்" என்றார் கைக்குச் சொந்தக்காரர். "நீங்க?"

"நானும்தான்" என்றார் தனக்கோடி.

மணப்பெண் நிமிர்ந்து பார்த்தாள். "அம்மா, தாத்தா வேற எங்கயாவது குடித்தனம் வச்சிருந்தாரா?"

"வாயை மூடுடி!" என்றாள் அந்த அம்மாள். அவள் பேர் சந்திரம்மா. "முனிகிஷ்ணா, இந்த ஆளை மொதல்ல வெளிய அனுப்பு. என்னைப் பெருத்துட்டேங்கறான்!"

"மாமா ரெண்டு பேரு இருந்தா சேலையும் ரெண்டும்மா. இரு, அவசரப்படாத" என்றாள் பெண், காஞ்சிபுரத்தைப் பார்த்துக்கொண்டே.

முனிகிருஷ்ணன் நல்ல மனுஷர். தனக்கோடியைத் தோளில் கை போட்டு வாசலுக்குக் கூட்டி வந்தார். "தை மாசம், தெருவுக்கு ரெண்டு கல்யாணம். தப்பு நடக்கறதுதான். நீங்க எந்தத் தெருவுக்குப் போவணும்? சொல்லுங்க, விசாரிச்சுப் பார்க்கலாம்."

சொல்லியிருந்தால் இந்தச் சரித்திரம் இங்கேயே முடிந்திருக்கும். தனக்கோடியோ மேல்துண்டை உதறிப் போட்டுக்கொண்டார். "தெரியுங்க. பொறந்து வளர்ந்த ஊரு. கொஞ்சம் காத்து மாறிப்போச்சு, அவ்வளவுதான்."

பெட்டியையும் தாரையும் எடுத்துக்கொண்டு மறுபடியும் நடந்தார். இந்தத் தடவை இன்னும் கவனமாக, இன்னும் ஆழமாக மூச்சை இழுத்து. ஒரு பெட்ரோல் பங்க் வந்தது. அதைச் சுற்றிக்கொண்டு போனார். ஒரு பள்ளிக்கூடம். ஒரு தண்ணீர்க் குழாயும் அதைச் சுற்றி ஒரு சண்டையும். மறுபடி அதே பிதுக்குப் பருப்பு வாசனை, முன்னைவிடப் பலமாக. இதுதான் அசல், அது போலி என்று மூக்கு சத்தியம் செய்தது. ஒரு மதில் சுவரின் இடுக்கு வழியாக நுழைந்தார். பெரிய பெரிய அண்டாக்கள். கோட்டையடுப்பு. அதற்கு அப்பால் பந்தல். பந்தலில், வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்த முனிகிருஷ்ணன்.

அதே கல்யாணம். முதலில் வாசல் வழியாக வந்தவர், இப்போது கொல்லை வழியாக வந்திருந்தார்.

முனிகிருஷ்ணன் அவரைப் பார்த்தார். சிரிக்கவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. பந்தலுக்குள் கெட்டிமேளம் முழங்கியது. இங்கே தாலி ஏறிவிட்டது. அங்கே ஜானகி நெற்றி வெறும் நெற்றியாக உட்கார்ந்திருப்பாள். செண்பகம் சொன்ன சொல்லை மாற்ற மாட்டாள். தட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவாள். தன் வாயால் ஒரு பெண்ணின் கல்யாணம் நிற்கப் போகிறது என்பது தனக்கோடிக்கு அந்த மேளச் சத்தத்தில்தான் காதில் விழுந்தது.

பெட்டியையும் தாரையும் அண்டா ஓரத்தில் இறக்கி வைத்துவிட்டு, கிளறிக்கொண்டிருந்த சமையல்காரரிடம் போனார். தொழில் முறையில் சகோதரர். பேர் சவரிமுத்து என்று பிறகு தெரிந்தது.

"ஐயா," என்றார் தனக்கோடி. குரல் அவருக்கே கேட்காத அளவு இருந்தது. மறுபடியும் சொன்னார். "ஐயா, இங்க குதிரைலாயச் சந்துன்னு ஒண்ணு... எங்க இருக்குதுங்க?"

சவரிமுத்து கரண்டியை நிறுத்தவில்லை. "லாயமா? இதான் லாயம். நீங்க நிக்கிற எடத்துல குதிரை நின்னுக்கிட்டிருந்துச்சு. இடிச்சுட்டுக் கல்யாணச் சத்திரம் கட்டி அஞ்சாறு வருஷமாவுது. சந்து அதோ, அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம். அங்கயும் ஒரு கல்யாணம். பிதுக்குப் பருப்புதான், ஆனா சின்னச் சட்டி. நம்ம அண்டா அதை எழும்ப வுடாது. அங்க ஏதோ தகராறு போல. தாய்மாமன்காரன் வரலியாம்."

அவர் முடிப்பதற்குள் தனக்கோடி கதவைத் தாண்டியிருந்தார். விட்டுவிட்டுப் போன பெட்டியைத் தூக்கிக்கொண்டு முனிகிருஷ்ணன் பின்னால் ஓடினார். வாழைத்தார் அண்டா ஓரத்திலேயே நின்றுவிட்டது. அது எந்தக் கல்யாணத்தில் பரிமாறப்பட்டது என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

மூன்றாவது வீட்டு வாசலில் ஒல்லியாக, தலை பாதி நரைத்து, கையில் தாம்பூலத் தட்டோடு ஒருத்தி நின்றாள். எதிரே தங்கவயல்காரர்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் முழுக்கைச் சட்டை போட்ட ஒருவர் இரண்டு பக்கமும் கும்பிட்டுக்கொண்டு நின்றார். அவர்தான் அசல் கோவிந்தப்பா.

தனக்கோடி இந்த முறை யாரையும் கட்டிப்பிடிக்கவில்லை. பேரைச் சொல்லிக் கூப்பிடவும் பயம். நின்று நிதானமாக அந்த முகத்தைப் பார்த்தார்.

"அண்ணா!" என்றாள் அவள்.

அடுத்தது எல்லாம் சீக்கிரம் நடந்தது. அவசரத்தில் அவர் கட்டிய பட்டம் பெண்ணின் கண் வரைக்கும் இறங்கியது. ஜானகி, "மாமா, கண்ணுல இல்ல, நெத்தியில" என்று மெதுவாகச் சொல்லிக் கொடுத்தாள். பத்தரைக்குக் கொஞ்சம் இருக்கும்போது தாலி ஏறியது.

சாப்பாட்டுப் பந்தியில் செண்பகமே இலைக்குக் குழம்பு ஊற்றினாள். எதிர் வரிசையில் தங்கவயல் பெரியவர். அவர் காதில் விழட்டும் என்று அவள் குரலை உயர்த்தினாள்.

"காலையிலேருந்து சொல்லிக்கிட்டே இருந்தேன்ல? எங்கண்ணனுக்கு ஆள் எதுக்கு, யாரையும் வழி கேக்க மாட்டாரு, மூக்கை வச்சே வந்துடுவாருன்னு. கேளுங்க அவரையே! எப்படிண்ணா கண்டுபிடிச்சே?"

பந்தி முழுவதும் அவர் பக்கம் திரும்பியது. தனக்கோடி சோற்றில் குழி பறித்துக் குழம்பைத் தேக்கினார். குனிந்து ஒருமுறை வாசனை பார்த்தார்.

"கேட்டேம்மா" என்றார்.